புகை டீச்சர் வீட்டு அடுப்பு

ஊர் ஊராகப் போய் அடுப்பைப் பற்றிப் பேசுவதுதான் என் வேலை. சமைப்பது இல்லை, பேசுவது. இந்த வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கே அது ரொம்ப தாமதமாகத்தான் புரிந்தது.

விறகுப் புகையைக் குறைக்க எங்கள் நிறுவனம் ஓர் அடுப்பை வீடு வீடாகக் குறைந்த விலைக்குக் கொடுத்துவந்தது. வாளி மாதிரி இருக்கும் இரும்பு அடுப்பு. அடியில் ஒரு சின்ன விசிறி. போனுக்குப் போடுவது மாதிரி அதற்கும் சார்ஜ் போடவேண்டும். பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றி உள்ளே காற்றைத் தள்ளும், விறகு முழுசாக எரிந்துவிடும், புகை பெரும்பாலும் அடங்கிவிடும். இதை ஊர்ப் பெண்களுக்கு விளக்கிச் சொல்லி, அடுப்பை வாங்கவைத்து, பிறகு அவ்வப்போது போய் "நல்லா இருக்கா?" என்று விசாரிக்க வேண்டும். என் ஸ்கூட்டரை ஊர் எல்லையில் பார்த்ததுமே "புகை டீச்சர் வந்தாச்சு" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தப் பெயரில் உள்ளூர ஒரு பெருமை. டீச்சர் வேலைக்கு மூன்று தடவை பரீட்சை எழுதித் தோற்றவளை ஊரே டீச்சர் என்று கூப்பிட்டால் கசக்குமா?

என் வகுப்பைக் கேட்க வேண்டும் நீங்கள். ஒரு வெள்ளைத் துணியை விறகு அடுப்புக்கு மேலே பிடித்து, அது கறுத்ததும் எல்லார் முகத்துக்கு நேராகவும் காட்டுவேன். "இதுதான் உங்க நெஞ்சுக்குள்ள போகுது!" என்பேன். என்னிடம் ஒரு கருவியும் உண்டு. காற்றில் தூசியும் புகையும் எவ்வளவு என்று சொல்லும் சின்னப் பெட்டி. காற்று நன்றாக இருந்தால் பச்சை விளக்கு, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு விளக்கோடு கத்தவும் செய்யும். பெண்கள் அதற்கு மூக்குப்பெட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் என் வகுப்பில் கூட்டம் நிஜமாகக் காத்திருந்தது இதற்கெல்லாம் இல்லை. என் மாமியார் வேஷத்துக்கு.

"எங்க வீட்லயும் ஒருத்தங்க இருக்காங்க" என்று ஆரம்பிப்பேன். இடுப்பில் கை வைத்து, கண்ணை இடுக்கி, குரலைக் கரகரவென்று மாற்றிக்கொள்வேன். "'பொறந்ததுலேருந்து புகையிலதான் கெடக்கேன். புகை என்னை என்ன பண்ணிச்சு?' அப்படிம்பாங்க." சொல்லி முடித்ததும் இரண்டு தடவை இருமுவேன். அவ்வளவுதான், பெண்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுப்பை எடுத்து முன்னால் வைத்துவிடுவேன். பாதி விற்பனை அந்த இருமலில் முடிந்துவிடும்.

பொய் இல்லை, அத்தை நிஜமாகவே அப்படித்தான் சொல்வார். வேலையில் சேர்ந்ததும் முதல் அடுப்பை எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தேன். பின்பக்கம் தகரக் கூரை போட்ட சமையலறை. ஜன்னல் கிடையாது, கதவுக்கு மேலே ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை, அவ்வளவுதான். விறகு அடுப்புக்குப் பக்கத்தில் புது அடுப்பை வைத்து, அத்தையை நிற்கவைத்து, நானே பற்றவைத்துப் போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பினேன். அந்த அடுப்பை நான் பற்றவைத்தது அது ஒரு தடவைதான். சமையல் அத்தை பொறுப்பு. நான் காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவேன். தட்டில் சோறு தயாராக இருக்கும். அது எந்த அடுப்பில் வெந்தது என்று கேட்கப் பசி என்னை விட்டதில்லை.

கொஞ்ச நாள் அத்தை புது அடுப்பில்தான் சமைத்தார். அப்புறம் ஒரு விடுமுறை நாள் காலையில் எழுந்து வந்து பார்த்தால், விறகு அடுப்பு திகுதிகுவென்று எரிகிறது, சமையலறை முழுக்கப் புகை, நடுவில் அத்தை ஊதுகுழலோடு உட்கார்ந்திருக்கிறார். புது அடுப்பு மூலையில் சாக்கு போர்த்திக்கொண்டு தூங்குகிறது.

"என்ன அத்தை இது?"

"அதுல ஆக்கினா வாய்க்கு விளங்கலம்மா."

"வாய்க்கு விளங்கறதுக்காக நெஞ்சைக் கெடுத்துக்குவீங்களா?"

"பொறந்ததுலேருந்து புகையிலதான் கெடக்கேன்" என்று ஆரம்பித்தார்.

அன்றைக்கு நான் அவருக்குத் தனி வகுப்பே எடுத்தேன். நுரையீரல் படத்தை விரித்துக் காட்டினேன். வெள்ளைத் துணியைப் பிடித்தேன். அத்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் "சரிம்மா, தள்ளிக்கோ, உலை பொங்குது" என்றார். ஊர்களில் அத்தனை பெண்களைப் பேசி மடக்கியவளுக்கு வீட்டில் ஒரே ஒரு மாணவி, அவரும் தேறவில்லை. இந்தத் தோல்வியை என்ன செய்வது? வகுப்பில் நகைச்சுவையாக்கினேன். நல்ல வரவேற்பு.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது மேனேஜர் போனில் கூப்பிட்டார். தலைமை ஆபீசிலிருந்து ஒரு மேடம் வருகிறாராம். அடுப்புத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர் அவர்தான். ஒரு வீட்டுக்குப் போய், அடுப்பு எரிவதைக் கண்ணால் பார்த்து, காற்றை அளந்துபார்க்க வேண்டுமாம். பார்த்துவைத்திருந்த வீட்டுப் பெண் மகளுடைய பிரசவத்துக்குப் போய்விட்டாள்.

"நாளைக்கு வேற எந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு யோசிக்கறேன்" என்றார் மேனேஜர். "ஏம்மா, உங்க வீட்லயே நம்ம அடுப்புதானே?"

இல்லை சார், மூலையில் சாக்குக்குள் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். என் வாய் எனக்கு முன்னால் ஓடிப் பழகியது. "தாராளமா வாங்க சார்! எங்க அத்தையே சமைச்சுக் காட்டுவாங்க!" என்றேன்.

போனை வைத்ததும் வீட்டுக்கு ஓடினேன். முதலில் சமையலறைச் சுவர். அத்தனை வருஷக் கரி தாரைப் பூசினது போல மினுமினுத்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கரி போகவில்லை, என் கை கறுத்தது. வெள்ளை அடித்துவிடலாம் என்று சுண்ணாம்பு வாங்கிவந்து நானே அடித்தேன். ஈரமாக இருந்தவரை பால் போல இருந்தது. காயக் காய உள்ளேயிருந்து கரி கசிந்து, சுவர் முழுக்கக் கடுங்காப்பி நிறத்தில் ஒழுகத் தொடங்கியது. பஞ்சர் கடையைச் சாத்திவிட்டு வந்த என் கணவர் வாசலில் நின்று பார்த்தார்.

"யார் மேலயாவது கோபமா?" என்றார்.

"நாளைக்கு ஆபீஸ்லேருந்து வராங்க. அத்தை புது அடுப்புல சமைக்கறதைப் பார்க்கணுமாம்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அத்தையைப் பார்த்தார். அத்தை அவரைப் பார்த்தார். பிறகு அவர் கூரையைப் பார்த்தார்.

"நாளைக்கேவா?" என்றார் அத்தை. "ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லேன்."

"முடியாது அத்தை. அவங்க என்ன நம்ம சொந்தக்காரங்களா, சொன்ன நாளைக்கு வர்றதுக்கு? நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். அடுப்பைப் பத்தவெச்சு, சிரிச்ச முகமா நில்லுங்க. போதும்."

"எனக்கு நாளைக்கு உடம்புக்கு முடியாம போயிடும்மா."

நாளைக்கு வரப்போகிற நோயை இன்றைக்கே சொல்கிற பிடிவாதத்தைப் பாருங்கள் என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சரி, நீங்க எதிர்வீட்டுத் தையல்கார அக்கா வீட்ல போய் உக்காந்துக்கோங்க. நானே பத்தவெக்கறேன்."

"நீயா?" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். அந்தக் குரலில் இருந்த பயத்தை நான் கேலி என்று எடுத்துக்கொண்டேன். உர்ரென்று போய்ப் படுத்துவிட்டேன். எனக்குத் தெரியாமல் என் கணவர் அந்த அடுப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஏதோ செய்துபார்த்திருக்கிறார். சரிவராமல், விடிவதற்குள் திரும்பவும் மூலையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இது பிறகு தெரிந்தது.

காலையில் அத்தை விறகு அடுப்பில் சமையலை முடித்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனார். நான் விறகு அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்தேன். சாம்பலாகத் தெரிந்தது. அணைந்துவிட்டது என்று முடிவு செய்தேன். அதன் மேல் துணி ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து, தொட்டியின் மேல் ஒரு பூந்தொட்டியையும் வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். சமையலறைக்குள் பூந்தொட்டி எதற்கு என்று யாராவது கேட்டால் "காற்றுக்கு நல்லது" என்று சொல்லலாம் என்றுகூட யோசித்துவைத்திருந்தேன்.

மேனேஜரும் மேடமும் வந்தார்கள். மேடம் அதிகம் பேசுகிற ஆளாகத் தெரியவில்லை. என்னுடையதைவிடப் பெரிய மூக்குப்பெட்டி ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்தார். மஞ்சள் விளக்கு எரிந்தது.

"இவங்கதான் மேடம் எங்களோட பெஸ்ட் டிரெய்னர்" என்றார் மேனேஜர்.

நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டே புது அடுப்பில் சுள்ளிகளை அடுக்கினேன். பொத்தானை அழுத்தினேன். சத்தமில்லை. மறுபடி அழுத்தினேன். தட்டினேன். சார்ஜ் வயரை ஆட்டினேன்.

"கொஞ்சம் டைம் எடுக்கும் மேடம்" என்று சொல்லிவிட்டு, நெருப்பைப் பற்றவைத்தால் தானாகச் சுற்றும் என்ற அசட்டு நம்பிக்கையில் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டேன்.

அந்த அடுப்பு விசிறி இல்லாமல் என்ன செய்யும் என்பதை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. உள்ளே போகக் காற்று இல்லாமல், சுள்ளி எரியவும் முடியாமல் அணையவும் முடியாமல் திணறி, கெட்டியான மஞ்சள் புகையைக் குபுகுபுவென்று கக்கியது. அத்தையின் விறகு அடுப்பு ஒரு நாளும் அப்படிப் புகைந்ததில்லை. அலமாரியில் இருந்த பெட்டி சிவப்பாகி வீல் வீலென்று கத்தியது. என் பையில் இருந்த சின்னப் பெட்டியும் கூடச் சேர்ந்துகொண்டது.

"அது... ஆரம்பத்துல அப்படித்தான் மேடம்..." என்றேன் கண்ணீர் வழிய.

அப்போதுதான் வேறு ஒரு வாடை வந்தது. திரும்பிப் பார்த்தேன். பூந்தொட்டி மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டி உருகி, நடுவில் குழிந்து, ஓரமெல்லாம் கருகி, அணைந்துவிட்டதாக நான் நினைத்த கங்கின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. பூந்தொட்டி பொத்தென்று அடுப்புக்குள் விழுந்ததும் கறுப்புப் புகை கிளம்பியது பாருங்கள், மேனேஜர் "வெளிய! வெளிய!" என்று கத்திக்கொண்டு மேடத்துக்கு முன்னால் ஓடினார்.

தகரக் கூரையின் இடுக்கெல்லாம் புகை கிளம்பியதைப் பார்த்து, வீடு பற்றிக்கொண்டது என்று தெருவே வாளியோடு வந்துவிட்டது. தையல்கார அக்காதான் முதலில் ஓடிவந்தார். புகைக்குள்ளிருந்து ஓர் உருவம் வெளியே வருவதைப் பார்த்ததும் நெருப்பு எங்கே என்று விசாரிக்காமல் வாளியை வீசினார். அது மேனேஜர். யாரோ உள்ளே போய் இரண்டு அடுப்பையும் அணைத்தார்கள். என் கணவர் கடையிலிருந்து ஓடிவந்தார். நான் தெருவில் நின்றேன். முகமெல்லாம் கரி, கையில் இன்னும் தீப்பெட்டி. மூக்குப்பெட்டி மட்டும் சட்டையைப் பிடித்துக் கேட்பது போலக் கத்திக்கொண்டே இருந்தது.

"என்னம்மா இது?" என்றார் நனைந்த மேனேஜர்.

நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தை முன்னால் வந்தார். நேராக மேடத்திடம் போனார்.

"இவ மேல ஒரு தப்பும் இல்லைங்க. நான்தான் புது அடுப்பைத் தொடறதே இல்ல. பொறந்ததுலேருந்து புகையிலதான் கெடக்கேன், புகை என்னை என்ன பண்ணிச்சுன்னு கேக்கற ஆளு நான். பிடிவாதக்காரி. இவ சொல்லாத நாள் இல்ல. எழுதிக்கோங்க, தப்பு என்னோடது."

சொல்லிவிட்டு இருமினார். இரண்டு தடவையோடு நிற்கவில்லை. குனிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க இருமினார். தையல்கார அக்கா முதுகைத் தடவிக்கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

"போதும்மா" என்றார் என் கணவர். "இன்னும் எத்தனை நாளைக்குத்தான் இதையே சொல்லிட்டிருப்ப?"

"நீ சும்மா இருடா."

"அதெல்லாம் முடியாது." அவர் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து மேடத்தின் கையில் வைத்தார். புது அடுப்பின் விசிறி. கருகி, இறக்கை வளைந்திருந்தது. "வாங்கின மாசமே உலை பொங்கி உள்ள தண்ணி இறங்கிடுச்சு மேடம். மோட்டார் போச்சு. நானும் கழட்டிக் கழட்டிப் பார்க்கறேன். பொம்மைக் கார் மோட்டாரெல்லாம் வெச்சுப் பார்த்துட்டேன். ஒண்ணும் நிக்கல. இதுக்கு ஸ்பேர் எங்க கெடைக்கும்னு யாருக்கும் தெரியல."

"என்கிட்ட ஏங்க சொல்லல?" என்றேன். அத்தைதான் பதில் சொன்னார், இருமலுக்கு நடுவே.

"எப்படிம்மா சொல்றது? புகை டீச்சர் வீட்டு அடுப்பே ஒரு மாசம் தாங்கலன்னு வெளிய தெரிஞ்சா, உன் பேச்சை எவ கேப்பா? இப்பத்தான் ஒரு வேலைன்னு கெடைச்சு, காலைல சந்தோஷமா கிளம்பிப் போற. அதான் எனக்குப் பிடிக்கலன்னு சொல்லிட்டேன். மாமியார் பிடிவாதம்னா யாரும் துருவிக் கேக்க மாட்டாங்க பாரு."

ஊர் ஊராக அத்தை மாதிரி வேஷம் கட்டி ஆடியது அவர் காதுக்கு மட்டும் போயிருக்கக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. அத்தை அதையும் விட்டுவைக்கவில்லை.

"நீ என்னை மாதிரி நடிச்சுக் காட்டறியாமே. தையல்காரி வந்து அப்படியே செஞ்சு காமிச்சா. நல்லாத்தான் இருந்துச்சு, சிரிச்சு வயிறு வலிச்சுது. ஆனா இருமலை மட்டும் நீ சரியா செய்யலம்மா. ரெண்டே தடவையில நிறுத்திடறியாம். எனக்கு அவ்வளவு சீக்கிரம் நிக்கறதில்ல."

மனசில் எந்தக் குத்தலும் இல்லாமல், ஒரு தகவலைத் திருத்துவது போலத்தான் சொன்னார். குத்திச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

கூட்டத்தில் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் அடுப்பு வாங்கிய ஒரு பெண் மெல்ல, "எங்க வீட்லயும் விசிறி போயி ரொம்ப நாளாச்சு டீச்சர்" என்றாள். "எங்களுதும்" என்றாள் இன்னொருத்தி. "சார்ஜ் நிக்கறதே இல்ல." "பெரிய பானை வெச்சா சாயுது." நான்கு பக்கத்திலிருந்தும் வர ஆரம்பித்தது.

"நான் வந்து கேக்கறப்பல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே!"

"நீங்க அவ்வளவு ஆசையா கேப்பீங்க, எப்படி இல்லைன்னு சொல்றது?" என்றார் தையல்கார அக்கா. "உங்க ஸ்கூட்டர் சத்தம் கேட்டா எல்லாரும் ஓடிப்போய் அந்த அடுப்பைத் தொடைச்சு முன்னாடி வெச்சுடுவோம். நீங்க டீ குடிச்சுட்டுப் போனதும் பழைய இடத்துல வெச்சுடுவோம்."

எத்தனை டீ! ஒவ்வொரு டீயும் பக்கத்து விறகு அடுப்பில் போட்டது. ருசித்துக் குடித்துவிட்டு, "பார்த்தீங்களா, இந்த அடுப்புல டீ எவ்வளவு சீக்கிரம் ரெடியாகுது!" என்று அவர்களிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மேடம் கருகிய விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரிப்பேருக்கு யார் இருக்காங்க?" என்று மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் தலையைத் துவட்டத் தொடங்கினார். நெடுநேரம் துவட்டினார்.

அன்றைக்கு என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேடம் ஒன்றுதான் சொன்னார். "அடுப்பு கொடுத்த எல்லா வீட்டுக்கும் மறுபடி போங்க. ஸ்கூட்டர் வேண்டாம், நடந்து போங்க. எதையும் பேசாதீங்க. பார்த்துட்டு வந்து சொல்லுங்க." பேசாதீங்க என்றதுதான் பெரிய தண்டனை. போனேன். ஒரு வீட்டில் எங்கள் அடுப்பு டிவிக்கு முட்டு. ஒரு வீட்டில் அரிசி டின். இன்னொரு வீட்டில் அதற்குள் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது, எட்டிப் பார்த்ததும் என் மூக்கைக் கொத்த வந்தது. விசிறி சுற்றுகிற வீடுகளும் இருந்தன, ஆனால் குறைவு. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

நடுவில் அத்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இத்தனை நாள் நுரையீரல் படத்தைப் பையில் சுமந்து திரிந்தவளுக்கு, வீட்டில் இருக்கிற நுரையீரலை ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அப்போதுதான் உதித்தது. டாக்டர் அம்மா மூச்சின் பலத்தை அளக்கிற ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். வாழ்நாளெல்லாம் ஊதிப் பழகிய அத்தை கன்னம் உப்ப ஊதினார். முள் பாதிகூட ஏறவில்லை.

"வீட்ல விறகு அடுப்பா?" என்றார் டாக்டர். "புகையை நிறுத்தணும்மா. மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கு. மருந்து தரேன், ஆனா புகையிலயே இருந்தா மருந்து கேக்காது." பிறகு என்னைப் பார்த்துக் கொஞ்சம் கடுமையாக, "நீங்க சின்னவங்கதானே, எடுத்துச் சொல்லக் கூடாதா? உங்க பக்கத்துல புகை டீச்சர்னு ஒருத்தங்க வகுப்பு நடத்தறாங்களாம். பாட்டம்மாவைக் கூட்டிட்டுப் போய் உக்காரவைங்க" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை விடவில்லை. "அது இவதான் டாக்டர்" என்றார் பெருமை பொங்க. "நல்லா பேசுவா."

அன்றைக்கே கேஸ் அடுப்புக்குப் பதிந்தோம். அதற்கு விலை கொடுக்க முடியாது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்த நான்தான் போன வருஷம் ஸ்கூட்டருக்குப் புது சீட் போட்டவள். மேஸ்திரியை அழைத்துச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தோம். குளிக்கத் தண்ணீர் காயவைக்க மட்டும் என்று விறகு அடுப்பைக் கொல்லையில் வெட்டவெளிக்கு மாற்றினோம். இனி காலைச் சமையல் என்னுடையது என்று அறிவித்தேன். முதல் வாரம் நான் சமைத்ததில், கேஸ் அடுப்பிலும் மூக்குப்பெட்டியைச் சிவப்பாக்க முடியும் என்று நிரூபித்தேன். கருகாத பாத்திரம் இல்லை. என் கணவர் ஒரு நாள் தட்டைப் பார்த்துவிட்டு, "கடையில இதை டயருக்கு ஒட்டலாம்" என்றார். அடிக்கப் போனேன், ஆனாலும் ஒட்டியிருக்கும் என்றுதான் எனக்கும் பட்டது.

நிறுவனம் மோட்டார்களை அனுப்பியது. விசிறிக்கு மேலே தண்ணீர் இறங்காமல் ஒரு தகடும் வைத்தார்கள். ரிப்பேருக்கு ஊருக்கு ஓர் ஆள். எங்கள் ஊர் ஆள் வேறு யார், பஞ்சர் கடைக்காரர்தான். பொம்மை மோட்டார் வைத்துப் பழகிய கை. சரிசெய்தும் சில பேர் அந்த அடுப்பு வேண்டவே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கோழி வீட்டுக்காரி மட்டும் கொடுக்க மறுத்துவிட்டாள். நான் இப்போதும் வகுப்புக்குப் போகிறேன். மாமியார் வேஷம் போடுவதில்லை. சிரிப்பு குறைந்துதான் போயிற்று. பெண்கள் கேள்வி கேட்கிறார்கள், பாதிக்கு எனக்குப் பதில் தெரிவதில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வருகிறேன்.

அத்தையின் இருமல் முழுசாகப் போகவில்லை, போகாது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் படுத்தால் மூச்சு இரைப்பது நின்றிருக்கிறது. பஸ் நிறுத்தத்து மேட்டை நிற்காமல் ஏறுகிறார். அந்தத் தைரியத்தில், பல வருஷமாகப் போகாத தங்கை வீட்டுக்குத் தனியாகக் கிளம்பினார். பத்து நாள் இருந்துவிட்டு வருவேன் என்று பெட்டி நிறையத் துணி எடுத்துப் போனவர் மூன்றாம் நாளே திரும்பிவிட்டார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"என்ன அத்தை, சண்டையா?"

"சண்டை என்ன சண்டை. அந்தச் சமையலறைக்குள்ள உக்கார முடியலம்மா. ஒரே புகை. மூச்சு முட்டுது. நாங்கூட இப்படியா இருந்தேன்?"

நான் வாயைத் திறந்தேன். வெள்ளைத் துணி, நுரையீரல் படம், எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"நீ ஒண்ணும் பேசாத" என்றார் அத்தை, பெட்டியைத் திறந்து அழுக்குத் துணிகளை எடுத்து வெளியே போட்டுக்கொண்டே. "அவகிட்ட நான் பேசிட்டேன். ஜன்னல் வெக்க ஒத்துக்கிட்டா. ஞாயித்துக்கிழமை நம்ம மேஸ்திரியைக் கூட்டிட்டுப் போறேன். நீ வரதா இருந்தா வா, செங்கல் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். நாள் பூரா செங்கல் எடுத்துக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் ஜன்னல் ஓட்டை விழுந்து, புகை வெளியே போக ஆரம்பித்ததும் அத்தையும் அவர் தங்கையும் அதற்கு நேராகப் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். மேஸ்திரி என்னைப் பார்த்து, "கொஞ்சம் வேகமா எடும்மா" என்றார்.